குளுவாங் தண்ணீர் எந்தப் பக்கம் சுற்றுகிறது?

அன்புள்ள ராஜு,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் எட்டு மாதம் ஓட்டிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. இங்கே மலேசியாவில், நம் குளுவாங்கில் எல்லோரும் சுகம். அக்காவுக்குக் கண் ஆப்பரேஷன் முடிந்து இப்போது கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறாள். ரேடியோ மாமாவுக்கு இன்னும் அதே சைக்கிள், அதே சண்டை. நம் ரப்பர் தோட்டத்தில் மூன்றாவது லயத்து வீடுகளையும் இடித்துவிட்டார்கள். ரப்பர் பால் சேர்த்த ஸ்டோரின் சிமெண்டுத் தொட்டி மட்டும் செம்பனை மரங்களுக்கு நடுவே தனியாக நிற்கிறது. அதைப் பற்றி நேரில் பேசுவோம். இப்போது எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. அதில் உனக்கும் பாதிப் பங்கு உண்டு.

போன வாரம் எங்கள் வீட்டுக் கக்கூஸ் பேசின் விரிசல் விட்டது. மாற்ற வந்த பையன் என்னிடம் ஆறாம் ஆண்டு படித்தவன். இப்போது சொந்த வேன் வைத்துக்கொண்டு குழாய் வேலை எடுத்துச் செய்கிறான். புது பேசினைப் பூட்டி, சிமெண்டைத் துடைத்துவிட்டு, ஃபிளஷை அமுக்கினான். தண்ணீர் விறுவிறுவென்று வலஞ்சுழியாகச் சுற்றிக்கொண்டு இறங்கியது. பையன் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்: "சார், நம்ம பக்கம் இடஞ்சுழி, ஆஸ்திரேலியாவுல வலஞ்சுழின்னு சொல்லிக் கொடுத்தீங்களே?"

எனக்குச் சுருக்கென்றது, ராஜு. 1989இல் நீ ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த் போன மூன்றாவது வாரம் எழுதினாயே: "இங்கே கக்கூஸ் தண்ணீர்கூட நம் ஊருக்கு எதிர்ப்பக்கம் சுற்றுகிறது." அந்த நீலக் கடிதத்தை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை, பூமி சுழலும் பாடம் வந்தால் உன் கடிதம்தான் எடுத்துக்காட்டு. ரெட்டைச் சுழிக்காரன் பேச்சை நம்பாதே என்று உன் ஆயா அப்போதே சொன்னார்கள்.

பையன் என்னைக் குனியச் சொல்லி, பேசின் விளிம்புக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினான். தண்ணீர் வர இரண்டே வாய். இரண்டும் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. "கம்பெனிக்காரன் இதை மாத்தி வச்சா அந்தப் பக்கம் சுத்தும் சார், அவ்வளவுதான்." வாசலில் கழற்றிப் போட்டிருந்த பழைய பேசினைக் கவிழ்த்தும் பார்த்தோம். விளிம்பு நெடுகச் சின்னச் சின்னத் துளைகள், எல்லாம் நேர் கீழே பார்த்தபடி. அதில் தண்ணீர் சுற்றவே இல்லை, சும்மா அடித்துக்கொண்டு போனது. இருபது வருடம் தினமும் பார்த்திருக்கிறேன், ஆனால் கவனித்ததில்லை.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. எடுத்துப் படிக்க ஆரம்பித்தேன். கொரியோலிஸ் என்ற பிரெஞ்சுக்காரர் 1835இல் எழுதிய கணக்கு பொய்யில்லை. பூமி சுழல்வதால் ஓடுகிற பொருள் வடக்கே வலப்பக்கமும் தெற்கே இடப்பக்கமும் விலகும், பெரும் புயல்கள் இங்கே இடஞ்சுழியாகவும் உங்கள் பக்கம் வலஞ்சுழியாகவும் சுற்றும். ஆனால் ஒரு பேசின் தண்ணீருக்கு அது எம்மாத்திரம்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். குளுவாங் பூமத்தியரேகைக்கு 2 பாகை வடக்கே இருக்கிறது. பூமி சுழல்வதால் நம் காலுக்குக் கீழே தரை பம்பரம் போலத் திரும்புவது மணிக்கு அரை பாகைதான். ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய 28 நாள் ஆகும். பெர்த்தில் அதே சுற்று 45 மணி நேரத்தில் முடிந்துவிடும். பேசின் காலியாவதோ நாலைந்து விநாடியில்! அந்த நேரத்தில் பூமியின் திருப்பம் எங்கே தெரியப்போகிறது?

அப்படியும் அதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் எம்ஐடி பேராசிரியர் ஆஷர் ஷப்பிரோ 1962இல் செய்தது. ஆறடி அகலத் தொட்டி, ஆறங்குலத் தண்ணீர், நடுவில் விரல் நுழையாத ஓட்டை. முதலில் வேண்டுமென்றே வலஞ்சுழியாகச் சுழற்றி நிரப்பினார். அப்படியானால் கடைசியில் இடஞ்சுழி வந்தால் அது பழைய ஓட்டத்தின் மிச்சம் என்று யாரும் சொல்ல முடியாது, பார்த்தாயா? மேலே மூடி, அசையாமல் 24 மணி நேரம் விட்டார். அடைப்பைக்கூட மேலே கை விட்டு எடுக்கவில்லை, கீழே தொங்கிய குழாயின் நுனியில்தான் திறந்தார். முதல் 12 நிமிடம், சுழற்சியைக் காட்டத் தண்ணீரில் விட்ட மிதவை அசையவே இல்லை. பிறகு மெல்ல மெல்ல இடஞ்சுழி. கடைசியில் மூன்று நான்கு விநாடிக்கு ஒரு சுற்று! ஓரிரண்டு மணி நேரம் மட்டும் விட்டுத் திறந்தபோது, நிரப்பிய பக்கமே சுற்றியது. 1965இல் சிட்னியில் செய்தவர்களுக்கு வலஞ்சுழி வந்தது. ஆக, நீ சொன்னது முழுப் பொய்யும் அல்ல. ஆனால் கக்கூஸில் பார்த்திருக்க முடியாது.

தண்ணீர் எப்படி உள்ளே வந்ததோ அதை மறப்பதில்லை, ராஜு. இதுதான் எனக்குப் பிடிபட்டது. கை கழுவும் தொட்டியில் மஞ்சள் தூள் தூவிப் பார்த்தேன். இடப்பக்கம் லேசாகக் கலக்கிவிட்டால் இடம், வலப்பக்கம் கலக்கினால் வலம். தொடாமல் விட்டாலும் அடைப்பானின் சங்கிலியை இழுத்த கையே அதைக் கிளப்பிவிடுகிறது.

வாமெய் புயல் ஞாபகம் வருகிறதா? 2001 டிசம்பர் 27, போனில் தகரக் கூரைச் சத்தத்தில் நீ சொன்னது எதுவும் கேட்காமல் கத்தினேனே. பூமத்தியரேகைக்கு 5 பாகைக்குள் புயல் உருவாகாது என்றுதான் நாம் படித்தோம். அது ஒன்றரை பாகையில், நம் குளுவாங்குக்கும் தெற்கே உருவாகி ஜொகூரில் கரையேறியது. பூமியின் திருப்பம் அங்கே சொற்பம். வடகிழக்குப் பருவக்காற்று தென்சீனக் கடலின் குறுகிய பக்கம் நாள் கணக்கில் வேகமாகப் புகுந்து, வரும்போதே சுழற்சியைக் கொண்டுவந்தது என்கிறார்கள். சாய்ந்த வாய் வழியே பேசினுக்குள் வரும் தண்ணீர் மாதிரியே!

பால் ஸ்டோர் தொட்டியில் ஷப்பிரோ சோதனையைச் செய்து பார்க்கலாமா சார் என்று பையன் கேட்கிறான். ஆசைதான். ஆனால் வெயிலும் காற்றும் படும் தொட்டியில், அதுவும் நம் இரண்டு பாகையில், எடுபடாது. உன் கராஜில் அந்தக் குழந்தைகள் நீச்சல் தொட்டி இன்னும் இருக்கிறதல்லவா? பூமியின் திருப்பத்தில் உனக்கு நம்மைவிட 15 மடங்கு வசதி. அடியில் குழாய் வை, மூடி வை, ஒரு முழு நாள் காத்திரு. அவசரப்படாதே, நீ எதிலும் அவசரப்படுகிறவன்.

வருகிற வியாழக்கிழமை நம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். தலைமையாசிரியரிடம் ஒரு பாடவேளை கேட்டு வாங்கியிருக்கிறேன். பையன் பழைய பேசினை வேனில் ஏற்றி வருகிறான், மஞ்சள் தூள் என் பொறுப்பு. அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு அப்பாவோ அம்மாவோ என்னிடம் படித்தவர்கள். வீட்டில் போய்ச் சொல்லட்டும்.

அதற்கு முன்னால் போன் பண்ணு. 1989இல் நீ உண்மையிலேயே குனிந்து பார்த்துத்தான் எழுதினாயா, இல்லை யாரோ சொன்னதை எழுதினாயா? பிள்ளைகள் கேட்டால் நான் சொல்ல வேண்டும்.

உன்
சுப்பு

நெத்திலி வாங்கி வைத்திருக்கிறேன். டிசம்பரில் வரும்போது எடுத்துக்கொள்.