அவளுடைய பெயரை யார் கேட்டார்கள்?

அன்புள்ள தங்கைக்கு,

உன் திரைக்கதையை இரண்டு முறை படித்துவிட்டேன். உணவறையில் அந்த இளம் கன்னியாஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு ஆண் குரலில் பேசத் தொடங்கும் இடத்தில் கை சில்லிட்டுவிட்டது. ஆனால் பேய் எங்கிருந்து வந்தது என்றால் நீ நிலவறையைக் காட்டுகிறாய். அங்கேதான் எனக்கு மனம் ஒப்பவில்லை.

2018-இல் வந்த 'தி நன்' படத்திலும் இரண்டாம் உலகப்போரின் குண்டுவீச்சில் திறந்த பிளவு வழியாகத்தான் தீமை உள்ளே வருகிறது. பேய் வெளியிலிருந்து வந்துவிட்டால், மடத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அது வசதியான கதை.

லூடன் நகரத்தை நினைத்துப் பார். 1630-களில் பிரான்சில், உர்சுலா சபைக் கன்னியர் மடம் ஒன்றில் தலைவி உட்படப் பலருக்குப் பேய் பிடித்ததாகச் சொன்னார்கள். பேயோட்டும் சடங்கு ஊர் பார்க்க நடந்தது. கூட்டம் கூட்டமாக மக்கள் வந்தார்கள். கன்னியர் குற்றம் சாட்டிய உர்பேன் கிராந்தியே என்ற கத்தோலிக்கக் குருவை 1634 ஆகஸ்டில் உயிரோடு எரித்தார்கள். அந்தக் குரு மடத்துக்குள் காலெடுத்து வைத்தவரே அல்லர். ஆன்ம குருவாக வரும்படி தலைவி அழைத்தபோது மறுத்துவிட்டவர். ஊர் மதிலை இடிக்க நினைத்த, பிரான்சின் முதலமைச்சர் ரிஷலியூவின் ஆட்களுக்கும் அவர்மேல் பகை இருந்தது. ஒரு பெண்ணின் ஏக்கம் அரசியலுக்கு எவ்வளவு எளிதாக விறகாகிவிட்டது, பார்.

அந்தத் தலைவி பின்னாளில் தன் வரலாற்றை எழுதினார். தன் கலக்கங்களுக்குப் பெரும்பாலும் தானே முதற்காரணம் என்றும், தான் கொடுத்த இடத்தில்தான் பேய் செயல்பட்டது என்றும் அதில் ஒப்புக்கொள்கிறார். இதைப் படித்த நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் இடம் கொடுத்தார்? கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்று கன்னியர் கடவுளுக்குக் கொடுக்கும் மூன்று வார்த்தைப்பாடுகள். கோபப்பட்டால் பாவம், ஆசைப்பட்டால் பாவம், தலைமையை எதிர்த்துப் பேசினாலும் பாவம். பேய் பிடித்தால் மட்டும் அத்தனையும் செய்யலாம், பழி பேயின்மேல் போய்விடும். பேய் அந்தப் பெண்ணைச் சிறைப்பிடித்தது என்று படங்கள் சொல்கின்றன. எனக்கோ, சிறைக்குள் கிடைத்த ஒரே சன்னல் அதுதான் என்று தோன்றுகிறது. மூச்சு வாங்க அந்த சன்னலுக்கு வந்தவரை ஊரே கூடி வேடிக்கை பார்த்தது.

இப்போது உன் ஆண் குரலுக்கு வருகிறேன். வாழ்நாளில் முதன்முறையாக ஒரு பெண் உரக்கப் பேசுகிறாள், அதையும் ஆணின் தொண்டையிலிருந்து பேச வைக்கிறோம். பெண்ணுக்கு அவ்வளவு கோபம் வரவே வராது என்று நாம் நம்புவதால்தானே? தயவுசெய்து அந்தக் குரலை மாற்று. அவளுடைய சொந்தக் குரலே வரட்டும், கொஞ்சம் பழக்கமில்லாத குரலாக, பாதியில் உடைந்து போகிற குரலாக. அதுதான் இன்னும் பயமாக இருக்கும்.

இன்னொன்று. 1614-ஆம் ஆண்டின் ரோமானியச் சடங்கு நூல் (கத்தோலிக்கத் திருச்சபையின் சடங்கு முறை நூல்), பேயின் பெயரைக் கேட்கும்படி குருவுக்குச் சொல்கிறது. லூடனிலும் கேட்டார்கள், லெவியத்தான், அஸ்மோதேயு என்று பெயர்கள் வந்தன, எழுதியும் வைத்தார்கள். உன் கதையிலும் குரு பத்து முறையாவது "உன் பெயர் என்ன?" என்று அதட்டுகிறார். மடத்தில் சேர்ந்த அன்றே அந்தப் பெண் பிறந்த வீட்டுப் பெயரை விட்டுவிட்டு வந்தவள். உள்ளே இருக்கும் பேய்க்குப் பெயர் கேட்கிறார்கள், அவளுக்குக் கேட்க ஆளில்லை. படம் முழுக்க நீயும் அவளை 'சிஸ்டர்' என்றுதான் அழைத்திருக்கிறாய்.

திரைக்கதையின் அடுத்த பிரதியை அனுப்பும்போது, பாத்திரங்களின் பட்டியலில் அவள் வீட்டில் அவளை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று எழுதி அனுப்பு. திரையில் யாரும் சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நீ தெரிந்துகொண்டு எழுது.

அன்புடன்,
அக்கா