பினாங்கு மலைச்சரிவுகளில் கைவிடப்பட்ட தோட்டங்கள் குறித்து மாநில அரசுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பினாங்கு மாநில முதலமைச்சர் அவர்களுக்கும், நிலம், வேளாண்மை, வடிகால் ஆகிய பொறுப்புகளை வகிக்கும் துறைத் தலைவர்களுக்கும் வணக்கம்.

பாலிக் பூலாவுக்கு மேலே உள்ள மலைச்சரிவில், ஒரு சீனத் தவுக்கேயின் (முதலாளியின்) தோட்டத்தில் என் தந்தையார் 27 ஆண்டுகள் வேலை செய்தார். டுரியானும் ஜாதிக்காயும் கிராம்பும் கலந்து நின்ற தோட்டம் அது. மேல்பகுதியில் கொஞ்சம் ரப்பர் மரங்களும் இருந்தன. டுரியான் பருவத்தில் பழம் விழும் ஓசைக்காக இரவெல்லாம் குடிசையில் விழித்திருந்ததைத்தான் வெளியூர் உறவினர்கள் ஆவலோடு கேட்பார்கள். ஆனால் ஆண்டின் பெரும்பகுதி அவருடைய வேலை மண்வெட்டியும் வடிகானுமாகவே கழிந்தது. ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும், காலைத் தேநீர்கூடக் குடிக்காமல் மேலே ஏறிச் சென்று, இலைதழை அடைத்த கான்களைத் திறந்துவிட்டு, கரை இடிந்த படித்தளங்களில் கல்லை மீண்டும் அடுக்கிவிட்டுத்தான் இறங்கி வருவார். அந்த வேலைக்குத் தனிக் கூலி கிடையாது. அதற்கொரு பெயர்கூட இருந்ததில்லை.

தவுக்கே இறந்தபின் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் ஆஸ்திரேலியாவிலும் தங்கிவிட்டார்கள். நிலப் பட்டாவில் இப்போது ஒன்பது பேரின் பெயர்கள் இருக்கின்றன. ஒருவர் விற்கலாம் என்றால் இன்னொருவர் பொறுக்கலாம் என்கிறார். குத்தகைக்கு விடவும் ஒன்பது கையொப்பங்கள் ஒன்றுசேரவில்லை. 14 ஆண்டுகளாக அந்தச் சரிவில் மண்வெட்டி விழவில்லை. அந்தக் குடும்பத்தின் மீது எனக்குச் சினம் இல்லை. எங்கள் வீட்டிலும் பிள்ளைகள் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குத்தான் வேலைக்குப் போனார்கள். மலையேறுவதற்கு யாரும் முன்வரவில்லை.

கைவிட்ட தோட்டம் தானாகக் காடாகிவிடும், அதனால் மலைக்கு நன்மைதான் என்று படித்தவர்கள் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். சில இடங்களில் அது உண்மை. காட்டையொட்டிய, சரிவு குறைந்த, மேல்மண் தேயாத நிலத்தில் பறவைகளும் வௌவால்களும் விதை கொண்டுவந்து போடுகின்றன. இருபது முப்பது ஆண்டுகளில் அங்கே நிழல் கட்டிவிடுகிறது. அத்தகைய நிலத்தை அப்படியே விட்டுவிடுவதே நல்லது. ஆனால் மனிதன் வெட்டிப் படித்தளமாக்கிய செங்குத்துச் சரிவு வேறு வகையானது. அங்கே மழைநீர் இயற்கையாக வழிந்த தடங்களை நாம்தாம் அழித்து, கான் வழியே திருப்பிவிட்டிருக்கிறோம். கான் தூர்ந்ததும் தண்ணீர் படித்தளத்தில் தேங்கி மண்ணுக்குள் இறங்குகிறது. ஊறிக் கனத்த மண் அடுத்த பெருமழையில் கரையை உடைத்துக்கொண்டு கீழ்ப்படியில் விழுகிறது. அந்தப் படியும் தாங்காமல் அதற்கடுத்த படிக்குச் சரிகிறது. தேய்ந்த மண்ணில் முதலில் வருபவை லாலாங் புல்லும் ரெசாம் பெரணியும்தாம். அவை அடர்ந்து மூடிக்கொண்டால் மரக்கன்று எளிதில் தலைதூக்குவதில்லை. வெயில் காலத்தில் காய்ந்த லாலாங்கிற்கு ஒரு தீப்பொறி போதும்.

2017ஆம் ஆண்டு நவம்பர் 4, 5 தேதிகளில் தீவைப் புரட்டிப்போட்ட மழையை யாரும் மறந்திருக்க முடியாது. பினாங்கு மலையிலும் பல இடங்களில் மண் சரிந்தது. அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன் தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் 11 தொழிலாளர்கள் மண்ணில் புதைந்து உயிரிழந்தார்கள். அது கட்டுமானத் தளத்தில் நேர்ந்தது, தோட்டத்தில் அன்று என்பதை அறிவேன். இரண்டையும் ஒன்றாகக் குழப்பவில்லை. மேம்பாட்டுக்காக வெட்டப்படும் சரிவின் மீது அன்று முதல் எல்லோருடைய கண்ணும் இருக்கிறது. யாரும் வெட்டாமல், யாரும் பார்க்காமல் கிடக்கும் சரிவின் மீது ஒருவர் கண்ணும் இல்லை என்பதே என் கவலை.

இந்த மலைகள் முன்பும் ஒருமுறை கைவிடப்பட்டவை. 1790களின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி இன்றைய இந்தோனேசியாவிலுள்ள மலுக்குத் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைக் கொண்டுவந்து இங்கே நட்டது. 1860 வாக்கில் பரவிய நோயில் ஜாதிக்காய்த் தோட்டங்கள் அழிந்தன. முதலாளிகள் கணக்கை முடித்துக்கொண்டு போனார்கள். பிறகு அதே மலைகளில் மீண்டும் ஜாதிக்காயையும் கிராம்பையும் வளர்த்தெடுத்தவர்கள், பெயர் எழுதப்படாத சிறு விவசாயிகளும் கூலிகளும்தாம். இன்று சுற்றுப்பயணிகள் வாங்கிச் செல்லும் ஜாதிக்காய் ஊறுகாயும் சாறும் அவர்கள் உழைப்பின் மிச்சம்.

கைவிடப்பட்ட தோட்டம் சுற்றியுள்ள மனிதர்களையும் பாதிக்கிறது. பழைய ரப்பர் மரங்களில் பால் பிடிக்கக் கட்டியபடியே விட்டுப்போன மங்குகளில் (கிண்ணங்களில்) மழைநீர் தேங்கி ஏடிஸ் கொசு பெருகுகிறது; டிங்கிக் காய்ச்சல் அடிவாரத்து வீடுகளுக்குத்தான் முதலில் வருகிறது. ஆளில்லாத தோட்டத்தில் தங்கும் காட்டுப்பன்றிகளும் குரங்குகளும் பக்கத்தில் இன்னும் பாடுபடுகிறவரின் தோட்டத்தைக் குலைப்பதால், அவரும் இரண்டு பருவங்கள் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறார். இப்படித்தான் ஒரு தோட்டத்தின் பாழ் அடுத்த தோட்டத்துக்குப் பரவுகிறது. மேல்வழிப் பாதை புதர் மண்டி மூடியதால், பெரிய சாம்பிராணி மரத்தடியில் நாங்கள் கும்பிட்ட முனியாண்டிக்கு ஆறு ஆண்டுகளாகப் பொங்கல் வைக்க முடியவில்லை. என் தாயார் கீழே சாலையோரம் நின்று அத்திசையில் சூடம் காட்டுகிறார்.

பிலிப்பைன்ஸின் இஃபுகாவோ மலைகளில் உள்ள நெல் படிவயல்கள் 1995இல் உலக மரபுச் சின்னமாயின. இளையோர் ஊரைவிட்டுப் போனதாலும் பாசன வாய்க்கால்கள் பேணப்படாததாலும், ஏறத்தாழ 25 முதல் 30 விழுக்காட்டு வயல்கள் கைவிடப்பட்டுச் சுவர்கள் இடிந்தன. 2001இல் அது ஆபத்திலுள்ள மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பல ஆண்டு முயற்சிக்குப் பின் 2012இல்தான் அப்பட்டியலிலிருந்து மீண்டது. நம் பினாங்கு மலையும் 2021 செப்டம்பரில் யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. நடுவில் தீண்டப்படாத காடு, அதைச் சூழ்ந்த காப்பு வளையம், வெளியே மனிதர் வாழ்ந்து பயிரிடும் பகுதி என்பதே அத்தகைய காப்பகத்தின் அமைப்பு. பயிரிடுகிறவரையும் உள்ளடக்கிய திட்டம் அது என்பதை நினைவூட்ட விரும்புகிறேன்.

சட்டமும் இல்லாமல் இல்லை. 1960ஆம் ஆண்டு நிலப் பாதுகாப்புச் சட்டம் மலைநிலத்தில் மண்ணரிப்பைத் தடுக்க அதிகாரம் தருகிறது. விவசாய நிலத்தைத் தொடர்ந்து பயிரிட்டுப் பேண வேண்டும் என்பது 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டத்தின் நிபந்தனைகளுள் ஒன்று. இருந்தும் நான் கேட்பது நிலப் பறிமுதல் அன்று. பறிமுதல் செய்த நிலமும் பராமரிக்க ஆளில்லாவிட்டால் சரியத்தான் செய்யும். மேலும், நில வகை ஒருநாள் மாறும், மாடிவீடுகள் எழும் என்று காத்திருப்பதற்காகவே சிலர் தோட்டத்தைப் பாழாக விடுகிறார்கள் என்று அடிவாரத்தில் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சு உண்மையோ இல்லையோ, கைவிடப்பட்டிருப்பதையே காரணமாகக் காட்டி எந்த மலைநிலத்தின் வகையையும் மாற்றித் தரமாட்டோம் என்று மாநில அரசு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும்.

அடுத்து, ஆயர் ஈத்தாம், பாயா தெருபோங், பாலிக் பூலாவ் சரிவுகளில் எந்த நிலம் பயிரில் இருக்கிறது, எது பாழ், அந்தப் பாழில் எது காடாகிறது, எது சரிகிறது என்று நிலத்திலேயே நடந்து பார்த்துக் கணக்கெடுங்கள். வானிலிருந்து எடுத்த படத்தில் லாலாங்கும் பச்சையாகத்தான் தெரியும். வாரிசுகள் ஒன்றுகூடி முடிவெடுக்க முடியாத நிலங்களில், உரிமை எவருக்கும் மாறாமல், பராமரிப்பை மட்டும் ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்கு வேறொருவரிடம் ஒப்படைக்கும் எளிய ஒப்பந்தத்துக்கு நில அலுவலகம் வழி செய்ய வேண்டும். கானைத் திறப்பவருக்கும் கல்லடுக்குபவருக்கும், நகரத்தில் வடிகால் துப்புரவு செய்பவருக்குக் கொடுப்பதுபோலப் பொதுநிதியிலிருந்து கூலி கொடுங்கள். மேலே அடைபட்ட கானிலிருந்து சரிகிற மண்தான் கீழே ஆற்றில் படிகிறது; அதைத் தூர்வாரப் பணம் ஒதுக்குகிறவர்கள் மேலேயும் ஒதுக்க முடியும். அந்த வேலையைத் தலைமுறைகளாகச் செய்தவர்களுள் எங்கள் மக்களும் உண்டு; அவர்களுக்கு அந்த மலையில் ஒரு சாண் நிலமும் சொந்தமாக இருந்ததில்லை. ஒப்பந்தம் வரும்போது அவர்களுடைய பிள்ளைகளையும் அழைத்துக் கேளுங்கள்.

தீவில் மழை கனக்கும் மாதங்கள் செப்டம்பரில் தொடங்குகின்றன. அதற்கு முன் ஒருமுறையாவது உங்கள் அதிகாரிகள் பாலிக் பூலாவ் சரிவுகளில் ஏறிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் தந்தையார் இப்போது இல்லை. அவருடன் வேலை செய்த இரண்டு பெரியவர்கள், ஒரு மலாய்க்காரரும் ஒரு தமிழரும், அடிவாரத்தில் இன்னும் இருக்கிறார்கள். முழங்கால் வலியோடும் பாதித் தூரம் வரை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்தப் புதருக்கு அடியில் பழைய கான் இருக்கிறது, அது எந்தப் பாறையருகே திரும்புகிறது என்பது அவர்களுக்குத் தெரியும். அது எந்த வரைபடத்திலும் குறிக்கப்படவில்லை.

பணிவுடன்,
மலையடிவாரத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர்,
பாலிக் பூலாவ், பினாங்கு.