சட்டம் படிக்கும் மகளுக்கு

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கு அனைவரும் நலம். சட்டப் புத்தகத்தைத் திறந்தால் பாதி பிரெஞ்சாக இருக்கிறது, லண்டனுக்கு வந்து இது என்ன கூத்து என்று எழுதியிருந்தாய். முன்சீப் கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்தவனுக்கு இதைப் படித்ததும் கை பரபரத்தது.

1066-இல் நார்மண்டியின் வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தார். அரண்மனைக்குள் நுழைந்த பிரெஞ்சு, பின்னர் வழக்குமன்றத்திலும் வந்து உட்கார்ந்தது. குடியானவனின் நிலத்தைப் பற்றி அவனுக்குப் புரியாத மொழியில் வாதாடினார்கள். 1362-இல் மூன்றாம் எட்வர்டு காலத்தில், வாதம் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. தமக்காகவும் தமக்கு எதிராகவும் என்ன பேசப்படுகிறது என்றே மக்களுக்குத் தெரியவில்லை என்று அதில் காரணம் சொன்னார்கள். அந்தச் சட்டத்தையே பிரெஞ்சில்தான் எழுதினார்கள்! வக்கீல்கள் லேசில் விடுவார்களா? தங்கள் குறிப்புகளில் அந்த மொழியை மேலும் சில நூற்றாண்டுகள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1733-இல் சட்டப்படி அதற்கு முடிவு வந்தது. சொற்கள் மட்டும் போகவில்லை.

டார்ட் என்றால் தவறு, அவ்வளவுதான். பரோல் என்றால் வாக்கு, அதாவது திரும்பி வருவேன் என்று கைதி கொடுக்கும் வாக்கு. மார்ட்கேஜ் என்பது செத்த ஈடு. கடனை அடைக்காவிட்டால் நிலம் கடனாளிக்குச் செத்தது. அடைத்துவிட்டால் கடன் கொடுத்தவருக்கு ஈடு செத்தது என்பார்கள் பழைய உரைகாரர்கள். (உன் படிப்புக்காக வங்கியில் வைத்த நம் வீட்டுப் பத்திரம் நலமாக இருக்கிறது. தவணை தவறவில்லை.)

எனக்குப் பிடித்தது 'பியூனி'. பின்னால் பிறந்தவர் என்று பொருள். தலைமை நீதிபதி அல்லாத மற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகளைக் குறிக்கும். அதே சொல்தான் வேறு எழுத்துக்கூட்டலில் 'சோனி' என்ற பொருளில் ஆங்கிலத்தில் திரிகிறது. எங்கள் கோர்ட்டில் இதை உரக்கச் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

பிரெஞ்சை விடாத ஆங்கிலேயரைப் பார்த்துச் சிரிக்காதே. வக்கீல், ஜாமீன், வாய்தா, ஜப்தி, ஏன், என் சிரஸ்தார் பதவியும் பாரசீகமும் அரபும் கொடுத்தவைதாம். அவை மக்கள் வாயில் புழங்கித் தமிழாகிவிட்டன. ஆங்கிலத் தீர்ப்பு அப்படி ஆகவில்லை. வாசித்து முடித்ததும் வாதி தன் வக்கீலின் முகத்தைப் பார்த்துத்தான் வென்றோமா தோற்றோமா என்று அறிந்துகொள்வார். 1362-இல் அங்கே சொன்ன குறையை, நான் ஓய்வு பெறும் நாள் வரை இங்கே கண்ணால் பார்த்தேன்.

அங்கே நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் மசோதாவுக்கு அரசரின் ஒப்புதலை அறிவிக்கும் சடங்கில், 'அரசர் அதை விரும்புகிறார்' என்று இன்றும் பிரெஞ்சில்தான் சொல்கிறார்கள். பார்வையாளர் மாடத்தில் இடம் கிடைத்தால் ஒருமுறை போய்க் கேட்டுவிட்டு எழுது.

அன்புடன்,
அப்பா