லீட்ஸிலிருந்து அம்மாவுக்கு

மரியே வாழ்க

லீட்ஸ், இங்கிலாந்து,
ஜனவரி, ஞாயிறு இரவு

அன்புள்ள அம்மாவுக்கு,

தங்கையை எழுதவைத்து நீங்கள் அனுப்பிய கடிதம் கிறிஸ்துமஸுக்கு முன்பே வந்துவிட்டது. இத்தனை நாள் பதில் போடாமல் இருந்துவிட்டேன். மன்னியுங்கள்.

எந்தக் கோவிலுக்குப் போகிறாய் என்று கேட்டிருந்தீர்கள். அறையிலிருந்து நடந்தே போகலாம், நகரத்தின் நடுவில் புனித அன்னம்மாள் பேராலயம். தருமபுரியில் நம் இருதய ஆண்டவர் கோவிலைப் போலவே இதுவும் ஆயராகிய பிஷப்புக்குப் பேராலயம், சுற்றுவட்டாரத்துக்குப் பங்குக் கோவில். ஆயரின் நாற்காலி பெரும்பாலும் காலியாகவே இருக்கும். ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பூசை என்று பங்கு வேலை மட்டும் ஓயாது. 1997இல் சேலத்திலிருந்து பிரிந்து நமக்கென்று மறைமாவட்டம் வந்தபோது, "ஆயர் வந்தாலும் இது நம் பங்குதான்" என்று அப்பா சொன்னாராமே, அது இங்கே வந்துதான் எனக்குப் புரிந்தது.

1878இல் இங்கே மறைமாவட்டம் ஏற்பட்டபோது இருந்தது வேறு கட்டடம். சாலையை அகலப்படுத்துவதற்காக அதை இடித்தார்கள். இப்போதிருப்பது 1904இல் கட்டி முடித்தது. பழைய கோவிலின் பீடச் சிற்பத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து மாதா பீடத்தில் வைத்திருக்கிறார்கள். நாலுவழிச் சாலைக்குப் புளியமரங்கள் போன அன்று பெரியப்பா சாப்பிடாமல் கிடந்தாரே! அந்தச் சிற்பத்தின் முன்தான் நான் ஜெபமாலை சொல்கிறேன்.

பூசையில் என் பக்கத்தில் ஓர் ஐரிஷ் பாட்டி. கைப்பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பார், தாமதமானால் முறைப்பார். பூசை நடுவே ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும்போது கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஒரு புதினா மிட்டாயை என் உள்ளங்கையில் அழுத்துவார். ஆயாவின் கைபோலவே தோல் சுருங்கி, எலும்பு தெரிகிற கை. போன வாரம் அவர் வரவில்லை. பூசை முடிந்தும் எனக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை அம்மா. உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து பூசை கண்ட நாள்தான் கண்ணுக்குள் நின்றது. இன்று வந்துவிட்டார், காய்ச்சலாம்.

குளிர் பழகிவிட்டது. கேழ்வரகு மாவு கிடைக்கிறது, களி கிளறிச் சாப்பிடுகிறேன். ஓவர்டைம் குறைந்ததால் நன்றாகத் தூங்குகிறேன். இந்த மாதப் பணம் பத்து நாள் பிந்தி வரும், வேறொன்றுமில்லை.

தவக்காலம் தொடங்குவதற்குள் தம்பியின் திருமணம் முடிய வேண்டுமென்றால் மூன்று திருமண அறிவிப்பு ஓலையும் கோவிலில் வாசித்தாக வேண்டும். ஞானஸ்நானச் சான்றிதழை இந்த வாரமே பங்குச் சாமியாரிடம் வாங்கச் சொல்லுங்கள். எலத்தகிரிப் பெண்வீட்டாரிடம் நகைப் பேச்சே எடுக்க வேண்டாம். கிணற்று மோட்டார் விஷயத்தில் எழுதி வாங்காமல் கடகத்தூர் சித்தப்பாவிடம் பணம் கொடுக்காதீர்கள். ஆயாவின் மூட்டுவலி எப்படி இருக்கிறதென்று மறக்காமல் எழுதுங்கள்.

முதல் ஓலையில் சாமியார் தம்பியின் பெயரை வாசிக்கும்போது, தங்கையை போனில் பதிவுசெய்து அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகன்