மழைநீர் வடிகாலையும் சோதியுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மழை வலுத்தால் திருமணிமுத்தாற்றில் நுரை பொங்குவதும், மறுநாள் அது படத்தோடு செய்தியாக வருவதும் சேலத்துக்காரர்களுக்குப் பழகிப்போய்விட்டது. உடனே சாயப்பட்டறைகளில் சோதனை நடக்கும், அப்புறம் அமைதி. ராத்திரியோடு ராத்திரியாகக் கழிவைத் திறந்துவிடுகிறவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் யாரும் திறந்துவிடாமலே ஆற்றுக்குப் போகிற கழிவும் இருக்கிறது. அது போவது தொழிற்சாலை வளாகத்தின் மழைநீர் வடிகால் வழியாக. ஆலைகளில் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஓரளவு பெரிய ஆலை என்றால் வடிகால் இரண்டு இருக்கும். ஒன்று கழிவுநீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கொண்டுபோகும். மற்றொன்று கூரையிலும் தரையிலும் விழும் மழையை நேராக ஓடைக்கு விட்டுவிடும். நான் பார்த்தவரை, சோதனைக்கு வருகிறவர்கள் சுத்திகரிப்பு நிலையத்தில் மாதிரி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். மழைநீர் வடிகால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கேட்டால் ஆலையில் இருப்பவர்களுக்கே பல நேரம் சொல்லத் தெரியாது. ஷெட்டை இடித்துக் கட்டியபோது குழாய் மாறியிருக்கும். புதிதாக வைத்த வாஷ்பேசினை, பக்கத்தில் இருக்கிறதே என்று கைக்கு எட்டிய மேன்ஹோலில் இணைத்திருப்பார்கள். நான் இருந்த ஓர் ஆலையில், லாரி கழுவும் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது என்றுதான் வரைபடத்தில் இருந்தது. சாயம் கலந்த தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். அது காம்பவுண்டுக்கு வெளியே ஓடையில் போய் விழுந்தது.

ஆபத்தை மதிப்பிடுவது என்றால் பெரிய டேங்கைப் பார்த்துப் பயப்படுவது இல்லை. என்ன சிந்தலாம், சிந்தினால் எந்த வழியாக ஓடும், ஓடிப்போய் யாருடைய தண்ணீரில் சேரும் என்று மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சுற்றிலும் தடுப்புச் சுவர் உள்ள 10,000 லிட்டர் டீசல் டேங்கைவிட, மழைநீர் வடிகால் மூடிக்குப் பக்கத்தில் நிற்கும் 200 லிட்டர் ஆசிட் பேரல் ஆபத்தானது. தடுப்புச் சுவர் இருந்தாலும் போதாது. உள்ளே தேங்கிய மழைநீரை வெளியேற்ற வால்வைத் திறந்தவர் திரும்ப மூடாமல் போனால் அந்தச் சுவர் இருந்தும் பயனில்லை. அந்த வால்வை யார் மூடுவது என்று பெயர் சொல்லிப் பொறுப்புக் கொடுத்த ஆலைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

விஷமாக இருந்தால்தான் கெடுதல் என்பதும் இல்லை. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) அரைக்கும் சேகோ ஆலைகள் நம் மாவட்டத்தில் நிறைய. கிழங்குப் பாலில் முக்கியமாகக் கலந்திருப்பது மாவுச்சத்துதான். ஆனால் அது ஏரியில் கலந்து அழுகும்போது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மீன் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும்.

அப்புறம், மழையின் கணக்கையும் பாருங்கள். ஒரு ஏக்கர் கான்கிரீட் தளத்தில் 5 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 2 லட்சம் லிட்டர் தண்ணீர் ஓடும். தரையில் சிந்திக் கிடக்கும் எண்ணெய், கெமிக்கல் தூள் எல்லாவற்றையும் முதல் மழையே வழித்துக்கொண்டு போகும். சேர்வராயன் மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறு நம் நகரத்துக்குள் புகுந்து நாமக்கல் மாவட்டம் வழியாகக் காவிரியில் சேர்கிறது. சரபங்கா ஆறு ஓமலூர், எடப்பாடிப் பக்கம் போய் அதே காவிரியில்தான் கலக்கிறது. இங்கே சிந்துவதைக் கீழே கிணறு வைத்திருக்கும் விவசாயிதான் இறைக்கிறார்.

தீ விபத்தை யாரும் நினைத்துப் பார்ப்பதே இல்லை. 1986 நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசல் நகருக்கு அருகே சாண்டோஸ் நிறுவனத்தின் ரசாயனக் கிடங்கு எரிந்தது. அணைக்கப் பீய்ச்சிய தண்ணீர் பூச்சிமருந்துகளை அடித்துக்கொண்டு ரைன் நதியில் இறங்கியது. நதி சிவந்தது, விலாங்கு மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. வடிகாலின் கடைசியில் அடைப்புக் கதவும், அந்தத் தண்ணீரைப் பிடித்துவைக்கத் தொட்டியும் இருந்தால் இப்படி நடக்காமல் தடுக்கலாம்.

1974-ம் ஆண்டின் தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டம், விபத்தால் நீர்நிலை மாசுபட்டால் உடனே தெரிவிக்கும்படி ஆலைப் பொறுப்பாளருக்குச் சொல்கிறது. எந்த ஓடைக்குப் போகிறது என்றே தெரியாதவர் எதைத் தெரிவிப்பார்?

மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்கு என் கோரிக்கை இதுதான். ஆலை இயங்க வாரியம் தரும் அனுமதியான இசைவாணையைப் புதுப்பிக்கும்போது ஒவ்வொரு ஆலையிடமும் வடிகால் வரைபடம் கேளுங்கள். சாயம் ஊற்றிச் சோதித்ததாக இருக்க வேண்டும், பழைய பிளானின் ஜெராக்ஸ் கூடாது. சிறிய பட்டறைகளுக்குத் தனித்தனியாக இது கட்டுப்படியாகாது. அவர்களுக்குத் தொழிற்பேட்டை முழுவதற்கும் ஒரே வரைபடமாக அரசே செய்து கொடுக்கலாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் இந்த வேலை முடிய வேண்டும். வரைபடத்தின் ஒரு பிரதி அந்தந்தப் பகுதித் தீயணைப்பு நிலையத்திலும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைப் பராமரிப்பு ஊழியர்,
சூரமங்கலம், சேலம்.