சாகாத சம்பாவ் புல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடித்தும் சம்பாவ் புல் என்ற களை சாகவில்லை என்றால் மருந்தை இரட்டிப்பாக்கு என்கிற யோசனை செபராங் பிறை செம்பனை நாற்றங்கால்களிலும் காய்கறித் தோட்டங்களிலும் வழக்கமாகிவிட்டது. பல இடங்களில் அது காசைக் கரியாக்கும் வேலை.

கிளைபோசேட் இலையை எரிப்பதில்லை, செடியைப் பட்டினி போடுகிறது. ஃபீனைல்அலனின், டைரோசின், டிரிப்டோஃபான் என்ற மூன்று அமினோ அமிலங்களையும் செடி ஷிகிமேட் பாதை என்ற வேதிவினைத் தொடரில் தானே தயாரித்துக்கொள்ளும். அதன் ஏழு படிகளில் ஆறாவதை நடத்தும் இபிஎஸ்பிஎஸ் நொதியில் மருந்து போய் அடைத்துக்கொள்ளும். வேலை நடப்பது இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தில். அதன் மூதாதையான நீலப்பச்சைப் பாக்டீரியாவிடமும் இதே பாதை உண்டு, மனிதருக்குக் கிடையாது. நொதிக்கான மரபணு மட்டும் செடியின் உட்கருவில் இருக்கிறது.

அந்த நொதியின் அமினோ அமிலச் சங்கிலியில் 106ஆம் இடத்துப் புரோலின், செரின் என்ற வேறொன்றாக மாறினால் மருந்தின் பிடி தளரும். மரபணுவில் ஓர் எழுத்து மாறினாலே போதும். பேராக்கின் தெலுக் இந்தானில் 1997இல் அகப்பட்ட சம்பாவில் இருந்தது இந்த மாற்றம்தான். அளவைக் கூட்டினால் இவற்றில் சில சாகலாம். ஆனால் 102ஆம் இடமும் சேர்ந்து மாறிய புல்லும் மலேசியாவில் உண்டு. 2015இல் வெளியான ஆய்வின்படி அதன் தாங்குதிறன் சாதாரணச் சம்பாவைவிட 180 மடங்குக்கும் மேல். அதற்கு ஏற்ற அளவில் அடிக்க யாருக்குக் கட்டுப்படியாகும்?

மருந்தைக் குறை சொல்லுமுன் தெளிப்பைப் பாருங்கள். கலங்கல் நீரில் கலந்தால் களிமண் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அடித்த சில மணி நேரத்தில் மழை பெய்தால் கழுவிப் போகும். இப்படித் தெளிப்பில் பிழை என்றால் எல்லாக் களையும் சேர்ந்தே தப்பும். இரண்டு வாரம் கழித்து, செத்த சம்பாவுக்குப் பக்கத்திலேயே அதே வயதுச் சம்பாவ் பச்சையாக நின்றால் எதிர்ப்புத்தன்மையைச் சந்தேகியுங்கள்.

அந்தச் செடிகளைக் கதிர் விடுமுன் வேரோடு பிடுங்க வேண்டும். கேழ்வரகின் காட்டு உறவு அது. கதிரும் விரல் விரலாகத்தான் வரும். ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை கொட்டும். குளுஃபோசினேட் என்ற வேறொரு களைக்கொல்லிக்கு மாறலாம், ஆனால் அதையே நம்பியிருக்க முடியாது. அது தடுப்பதும் குளுட்டமின் என்ற அமினோ அமிலத்தை ஆக்கும் நொதியைத்தான். அதற்கும் பிடிகொடுக்காத சம்பாவ் இங்கே பதிவாகிவிட்டது. களை முளைக்காதபடி நாற்றுப் பைகளுக்கிடையே கறுப்புப் பாய் விரிப்பது மலிவு.

தாவர உயிர்வேதியியல் ஆசிரியர்,
கெலுகோர், பினாங்கு