கயத்தாறைத் தாண்டும்போது

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கு நானும் அம்மாவும் நலம். பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. உன் நலம் அறிய ஆவல்.

போன ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோது நீ சரியாகவே பேசவில்லை. கடலைமிட்டாயைக்கூடப் பிரிக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாய். நானும் ஒன்றும் கேட்கவில்லை. ஹாஸ்டல் போனில் பேசலாம் என்றால் உனக்குப் பின்னால் பத்துப் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சமூக அறிவியலை விட்டுவிடாதே. மற்ற நாலு பாடத்திலும் நீ கெட்டி. கணக்கில் 91 வாங்கினதைத் தீப்பெட்டி ஆபீஸில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கணக்குப்பிள்ளையே "உம்ம மகனா?" என்று கேட்டார். அப்படிப்பட்டவனுக்கு வரலாறு மட்டும் ஏன் இடிக்கிறது? வாசித்துக்கொண்டே இருந்தால் மண்டையில் நிற்காது தம்பி, எழுதிப் பார். 35 வந்தால் பாஸ்தானே என்று நினைக்காதே. காலக்கோடு போட்டுப் பழகு. வருஷத்தை எழுதிப் பார்த்தவனுக்கு அது சும்மா கிடைக்கிற மார்க்.

திரும்பும்போது, ஸ்பெஷல் கிளாஸுக்கு வந்திருந்த உங்கள் சாரைப் பார்த்தேன். அரையாண்டு விடைத்தாளைக் காட்டினார். வேலூர்ப் புரட்சிக்கு 1801 என்று எழுதியிருந்தாய். அதிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண்ணின் புத்தகத்தை இரவல் வாங்கி வந்து ராத்திரி நானும் படிக்கிறேன். அம்மா சிரிக்கிறாள். சிரிக்கட்டும்.

நீ ஊருக்கும் ஹாஸ்டலுக்கும் போய்வருகிற பாதையிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. கோவில்பட்டியை விட்டால் கயத்தாறு. 1799 அக்டோபர் 16, கட்டபொம்மனைத் தூக்கில் போட்ட இடம். அங்கிருந்து முக்கால் மணி நேரத்தில் நீ இருக்கிற பாளையங்கோட்டை. அங்கே சிறையில் கிடந்த ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் தப்பித்துப் போய், வெள்ளைக்காரன் இடித்த பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் திரும்ப எழுப்பினான். ஆறே நாளில் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். மே மாதம் அதுவும் விழுந்தது. அந்த வருஷம் அக்டோபரில் மருது சகோதரர்களுக்குத் திருப்பத்தூரில் தூக்கு, நவம்பரில் ஊமைத்துரைக்கு. வேலூர் இதெல்லாம் முடிந்து ஐந்து வருஷம் தள்ளித்தான், 1806 ஜூலை 10. கயத்தாறு, பாளை, அப்புறம்தான் வேலூர். இனிமேல் பஸ்ஸில் தூங்காமல் வா.

பாஞ்சாலங்குறிச்சியில் வீரசக்கதேவி கோயில் திருவிழாவுக்கு உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனது ஞாபகம் இருக்கிறதா? "கோட்டையை இடிச்சுட்டாங்கன்னா இதை யாருப்பா கட்டுனது?" என்று கேட்டாய். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். 1974-ல் அரசாங்கம் கட்டினது என்று ஒரு பெரியவர்தான் சொன்னார், எனக்குத் தெரியவில்லை. ஆறு வயதில் அப்படிக் கேட்டவன் இப்போது வரலாறு வராது என்றால் நான் எப்படி நம்புவது?

இன்னொன்று. சம்பள நோட்டில் இருபது வருஷமாக சனிக்கிழமைதோறும் கையெழுத்துப் போடுகிறேன். இனிஷியலுக்குப் பக்கத்தில் நான் புள்ளி வைத்ததே இல்லை. சரி, அதை விடு.

நேற்று ராத்திரி கயத்தாறு விசாரணையைப் படித்தேன். மற்றப் பாளையக்காரர்களையெல்லாம் வரவழைத்து வைத்துக்கொண்டு வெள்ளைக்கார மேஜர் பானர்மேன் விசாரிக்கிறான். கட்டபொம்மன் தன் மேல் சொன்ன எதையும் மறுக்கவில்லை என்று போட்டிருக்கிறது. அதற்கு மேல் படிக்க முடியாமல் விளக்கை அணைத்துவிட்டேன்.

தாத்தாவுக்குக் கால் முறிந்ததால்தான் நான் படிப்பை விட்டேன் என்று உனக்குச் சொல்லியிருக்கிறேன். அது பொய். கால் முறிந்தது அதற்கடுத்த வருஷம். பத்தாவதில் எனக்குப் போனது இதே பாடம்தான், 29 மார்க். அக்டோபர் பரீட்சைக்குப் பணம் கட்டத் தாத்தா அந்தக் கிடாவை விற்றார். எந்தக் கிடா என்று ஆச்சியிடம் கேள், இன்னும் சொல்லிச் சொல்லி மாய்வாள். பணத்தைக் கட்டினேன், ஹால் டிக்கெட்டும் வந்தது. பரீட்சை அன்று காலையில் ஸ்கூல் வாசல் வரைக்கும் போனவனுக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு வருஷம்கூட ஞாபகம் வரவில்லை. திரும்பி நடந்து, வந்த பஸ்ஸில் ஏறிக் கயத்தாறில் இறங்கி, அந்தச் சிலைக்குப் பக்கத்து நிழலில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸுக்குப் போக மிச்சமிருந்த காசில் நாலு பரோட்டா தின்றேன்.

வீட்டுக்கு வந்தால், எழுதிக் களைத்து வருவேன் என்று தாத்தா கருவாட்டுக் குழம்பு தனியாக எடுத்து வைத்திருந்தார். பசிக்கவில்லை என்று சொல்ல முடியாமல் அதையும் தின்றேன். கேள்வித்தாள் கஷ்டம் என்று சொன்னேன். பிள்ளைகளை வதைக்கிறார்கள் என்று சாகிற வரைக்கும் அவர் அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட நான் வாய் திறக்கவில்லை. உன் அம்மாவுக்கும் இது தெரியாது.

சார் ராங்க் கார்டையும் காட்டினார். "நீங்க போட்டதுதானே?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

ராத்திரி ரொம்ப நேரம் கண் விழிக்காதே. விடியற்காலையில் எழுந்து எழுதிப் பார். வாசிப்பது போதாது, எழுதிப் பார். மேப்பில் இடம் குறிக்கப் பென்சிலைச் சீவி வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வருகிறேன். சாரிடம் சொல்லி அந்தக் கார்டை வாங்கி வை, நானும் ஒரு கையெழுத்துப் போடுகிறேன். கட்டிலுக்கு அடியில் எறும்பு வரும், கடலைமிட்டாயை எடுத்துத் தின்றுவிடு.

இப்படிக்கு,
அப்பா